சம்பந்திக்கு நான் சொன்ன நான்கு கால்

என் சம்பந்தி துப்பாக்கி சுடுவதற்குச் செய்த மேசைக்கு நான்கு கால் வைக்கச் சொன்னது நான்தான். மூன்று கால்தான் வேண்டும் என்று தெரிந்தே சொன்னேன். வாழ்நாளெல்லாம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். மேடுபள்ளமான தரையில் மூன்று கால் ஒருபோதும் ஆடாது, நான்காவது வந்துவிட்டால் ஏதாவது ஒன்று அந்தரத்தில் தொங்கும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்றவர்கள் பெரும்பாலும் மலையைச் சுற்றுவார்கள். நாங்கள் சிலர் மலையையும் சுற்றிவிட்டு ஏர் ரைபிளும் சுடுவோம். அதற்கு ஒரு சின்னச் சங்கம் உண்டு. அடி அண்ணாமலையில் உறுப்பினர் ஒருவரின் நிலத்தில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடிந்ததும் கூடுவோம். மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதிரே உள்ள மண் கரையில் அட்டைகளைக் குத்தி வைத்துச் சுடுவோம். மயில் இருக்கும் பக்கம் துப்பாக்கியைத் திருப்பினால்கூடச் சங்கத்தை விட்டு நீக்கிவிடுவார்கள். ஆண்டுக்கொரு முறை போட்டி. முதல் பரிசாக ஓர் எவர்சில்வர் குடம். நான்கைந்து குடம் என் வீட்டில் இருந்தன. என் மனைவிக்கு அவற்றைக் கண்டாலே எரிச்சல். எனக்கோ உலகக் கோப்பை.

சம்பந்தி என்றால் என் மகளின் மாமனார். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அதன் பிறகு அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளரை எடுத்து அந்தரத்தில் பிடித்தால் நடுங்கும். எதன் மேலாவது கையை ஊன்றினால் நின்றுவிடும். பயப்பட ஒன்றுமில்லை, சிலருக்கு வயதில் வருவதுதான், வண்டிகூட ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் யார் கேட்டார்கள்? அவருக்கு மட்டும் காப்பியை அரை டம்ளர் ஊற்றினார்கள். என் மாப்பிள்ளை ஒரு படி மேலே போய் அவருடைய மொபெட் சாவியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மாவட்டமெல்லாம் பேருந்து ஓட்டிய மனிதர் தெருமுனைக் கடைக்கு ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டி நின்றார்.

சாவியை அவர் கேட்காத நாளில்லை. ஒருநாள் மாப்பிள்ளை சலித்துப்போய், பாதி விளையாட்டாகச் சொன்னார். "அப்பா, மாமாவோட சங்கத்துப் போட்டில அஞ்சு குண்டும் கருப்பு வட்டத்துக்குள்ள போட்டுக் காட்டுங்க. சாவியத் தரேன்."

சம்பந்தி அதைக் கோர்ட் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நின்றார்.

அப்போது சங்கத்தில் பழைய பள்ளிக்கூட டெஸ்க் ஒன்றுதான் இருந்தது. அதில் முழங்கையை ஊன்றி, துப்பாக்கியின் முன்பக்கத்தை மணல் பையில் வைத்து, முதல் முறையாகச் சுட்டார். வேடிக்கை பார்க்க வந்திருந்த என் மகள் ஓடிப்போய் அட்டையை எடுத்து வந்தாள். ஐந்து ஓட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"அப்பா, மாமா சுட்டத பாத்தியா? ஒத்த ரூபா காசு வச்சா மூடிடும்பா. உன்னோடத மூட தோசக்கல்லு வேணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே ஏதோ ஒன்று சிரிக்கவில்லை.

அந்த ஆண்டு டெஸ்க் உளுத்துப்போனதால், போட்டிக்கு அவரவர் மேசையை அவரவரே கொண்டுவர வேண்டும் என்று முடிவானது. தூக்கிப் போகும்படி இருக்க வேண்டும், சுட்டு முடித்ததும் வண்டியில் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். சம்பந்தி என்னிடம்தான் வந்தார். "நீங்க படிச்சவரு சம்பந்தி. எப்பிடி செய்யணும்னு சொல்லுங்க. அப்பிடியே செஞ்சிடறேன்."

நான் கொஞ்சமும் தயங்கவில்லை. தேக்கு மரம் போடுங்கள் என்றேன். கனம் ஜாஸ்தியாக இருந்தால்தான் அசையாது என்றேன். கால் நான்கு, நான்கும் ஒரே உயரம், கீழே கூராகச் சீவிவிடுங்கள், மண்ணைக் கவ்விக்கொள்ளும் என்றேன். கூரான கால் உழுத மண்ணில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆழத்துக்கு இறங்கும் என்பதைச் சொல்லவில்லை. சம்பந்தி பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்.

எனக்கு நான் செய்துகொண்டது வேறு. கனமான பிளைவுட் பலகையை மார்பு நுழையும் அளவுக்கு ஒரு பக்கம் வளைவாக வெட்டி, அடியில் குழாய்க் கடையில் வாங்கிய மூன்று திருகு வளையங்களைப் பொருத்தி, மூன்று இரும்புக் குழாய்களைக் கையாலேயே திருகிக்கொள்கிற மாதிரி வைத்தேன். மண்ணில் புதையாமலிருக்கக் காலடியில் வட்டத் தகடு. பின்கால் குழாயிலேயே உட்காரும் பலகை. கழற்றினால் ஒரு சாக்குப் பைக்குள் அடங்கும். அதைப் பார்த்ததும் சம்பந்திக்கு முகம் வாடிவிட்டது. ஏன் மூன்று கால் என்று கேட்டார். பைப் பத்தவில்லை என்றேன். அவர் என்மேல் இரக்கப்பட்டு, தெரிந்த வெல்டரிடம் சொல்லி நாலாவது கால் போட்டுத் தருவதாகச் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்று நான் கெஞ்ச வேண்டியதாயிற்று.

அவருடைய தேக்கு மேசை வந்து சேர்ந்தது. நாலு பேர் உட்கார்ந்து கல்யாணச் சாப்பாடு சாப்பிடலாம். அதை முதன்முதலாக நிலத்துக்குக் கொண்டுபோக அவர் தேர்ந்தெடுத்த நாள் பௌர்ணமி. வண்டிகளைக் கிரிவலப் பாதையில் விடவில்லை. டெம்போக்காரர் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார். மத்தியான வெயிலில், கூட்டத்துக்கு நடுவில், முன்னால் அவரும் பின்னால் நானுமாக மேசையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். எங்களைத் தாண்டிப் போனவர்கள் "அரோகரா" என்றார்கள். நாங்களும் என்ன சொல்வதென்று தெரியாமல் "அரோகரா" என்றோம்.

கொஞ்ச தூரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு புளியமரத்தடியில் மேசையை இறக்கி வைத்து, பின்னால் நின்று முகத்தைத் துடைத்தோம். துடைத்து முடித்துப் பார்த்தால் எதிரே பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் ஊரில் பௌர்ணமியன்று பாதையோரம் ஒரு மேசையும் அதற்குப் பின்னால் இரண்டு பெரியவர்களும் நின்றால் அது அன்னதானம். வேறெதுவாகவும் இருக்க முடியாது. முதலில் நின்றவர் கையை நீட்டியபடி, புளிசாதமா தயிர்சாதமா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இனிமேல்தான் வரும் என்று அவர் அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டு, பின்னாலிருந்தவர்களிடம் சாதம் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். வரிசை இன்னும் நீண்டது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். துப்பாக்கி சுடும் மேசை என்று சாமி கும்பிடப் போகிறவர்களிடம் எப்படிச் சொல்வது என்று சம்பந்தி திகைத்தார். பிறகு விறுவிறுவென்று எதிர்க்கடைக்குப் போய், அங்கிருந்த பிஸ்கட் பாக்கெட்டுகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்து மேசையில் கொட்டினார். ஒவ்வொருவருக்கும் அவரே எடுத்துக் கொடுத்தார். கை நடுங்கியது. பாக்கெட்டும் நடுங்கியது. அது பக்தியில் வந்த நடுக்கம் என்று ஓர் அம்மாள் நினைத்துக்கொண்டு சடாரென்று அவர் காலில் விழுந்தார். அடுத்து வந்தவரும் விழுந்தார். அதற்குப் பிறகு பிஸ்கட் வாங்கியவர்களெல்லாம் விழுந்தார்கள். சம்பந்தி ஒவ்வொரு முறையும் துள்ளிப் பின்னால் குதித்தார். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. புளியமரத்துக்குப் பின்னால் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு வந்தேன்.

ஒரு கிழவி மட்டும் பிஸ்கட்டை வாங்காமல் மேசையை அசைத்துப் பார்த்தாள். "ஒரு காலு ஆடுதே சாமி" என்று சொல்லி, சின்னக் கல்லொன்றைத் தேடிக் காலுக்கு அண்டை கொடுத்துவிட்டுப் போனாள். சம்பந்தி என்னைப் பார்த்தார். அன்றே சொல்லியிருக்கலாம். தரை சரியில்லை என்றேன்.

அதற்குப் பிறகு பயிற்சியின்போதெல்லாம் மேசை ஆடியது. அவர் கல் வைத்தார், அட்டையை மடித்து வைத்தார், ஒருநாள் தன் செருப்பையே வைத்தார். காலைக் குறைக்கலாம் என்று சங்கத்தில் யாரோ சொன்னபோது, "சம்பந்தி சொன்ன டிசைன். அதுல கை வைக்கக் கூடாது" என்று மறுத்துவிட்டார். பெண்ணைக் கொடுத்த இடத்தின் வார்த்தையை மீறினால் மரியாதைக் குறைவு என்பது அவர் கணக்கு. அந்த மரியாதையைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

போட்டியன்று என் அட்டைக்குப் பக்கத்து அட்டை அவருடையது. மாப்பிள்ளையும் வந்திருந்தார். சம்பந்தி மூச்சைப் பிடித்து விசையை அழுத்தும்போதெல்லாம் மேசை ஒரு பக்கம் சாய்ந்தது. அட்டைகளை எடுத்துப் பார்த்தால், அவருடையதில் நான்கு ஓட்டைகள்தான் இருந்தன. நாலும் நாலு திசையில். என்னுடையதில் ஆறு. அவர் சுட்ட குண்டு ஒன்று என் அட்டைக்கு வந்துவிட்டது. எது யாருடையது என்று சொல்ல முடியாததால், மோசமான ஒன்றை நீக்கிவிட்டு மீதி ஐந்தை எனக்குக் கணக்கு வைத்தார்கள். நடு மையத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அந்த இடத்தில் நான் சுடவில்லை என்று எனக்குத் தெரியும். குடம் எனக்கே வந்தது.

சம்பந்தி கைதட்டினார். பிறகு மகனிடம் திரும்பி, "நீ சொன்னதுதான் சரிப்பா. சாவி பீரோலயே இருக்கட்டும்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்ட மறுநாளே மறுபடியும் குழாய்க் கடைக்குப் போனேன். என் மேசையைப் போலவே இன்னொன்று செய்தேன். இன்னும் நன்றாகவே செய்தேன். அவர் கை நீளத்துக்கு அளவெடுத்த மாதிரி, முழங்கை ஊன்றும் இடத்தில் தோல் ஒட்டி, ஓரங்களை இழைத்து. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது என்று மனைவி தட்டு, பழம், வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் எடுத்துக்கொண்டாள். ஆட்டோவில் இறங்கி, என் தலையில் மேசையும் அவள் கையில் தட்டுமாகப் போனதைப் பார்த்து, யாருக்கு என்ன விசேஷம் என்று அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது.

கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு கால், கூர், பைப் பத்தவில்லை என்ற பொய், கிழவி வைத்த கல், ஆறாவது ஓட்டை. மகள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சம்பந்தி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் என் கைதான்னு நெனச்சிட்டேன் சம்பந்தி" என்றார். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார்.

தட்டை மட்டும் சம்பந்தியம்மா வாங்கிக்கொண்டார். மேசை மொட்டைமாடிக்குப் போனது. அதன் மேல் வடகம் காய்வதாக மகள் போனில் சொன்னாள், என்னிடம் இல்லை, அவள் அம்மாவிடம். குடத்தைச் சங்கத்தில் திருப்பிக் கொடுத்துக் காரணத்தையும் சொன்னேன். ஒருவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் என்னைக் கண்டால் கேலியாக என் கால்களை எண்ணினார்கள்.

வடகம் காய்ந்து முடிந்த பிறகு சம்பந்தியிடமிருந்து ஆள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்கு வர வேண்டும். நான் தேக்கு மேசையில் சுட வேண்டும். அவர் மூன்று காலில் சுடுவார். மாப்பிள்ளை நடுவர். வேறு பேச்சு கிடையாது.

அந்தத் தேக்கு மேசையில் உட்கார்ந்து சுட்டால்தான் தெரியும். ஓடும் லாரியின் மேல் இருந்து சுடுவது போலிருந்தது. முதல் குண்டு கரையில் புழுதி கிளப்பியது. இரண்டாவது எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. நான் அல்லாடுவதைப் பார்த்து முதலில் மகளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மாப்பிள்ளைக்கு. மூன்றாவது குண்டுக்கு மேசை முன்பக்கமாகக் குனிந்து, நான் அதன் மேல் கவிழ்ந்தபோது, சம்பந்தியும் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சிரிப்பைக் காணப் பத்து முறை கவிழ்ந்திருப்பேன்.

அவருடைய அட்டையில் நான்கு குண்டுகள் கருப்புக்குள் இருந்தன. ஐந்தாவது கோட்டின் மேல். மாப்பிள்ளை கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தார், வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். உள்ளேதான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். சம்பந்தி என்னைக் கையமர்த்தினார். "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க சம்பந்தி. இன்னொரு அட்ட குத்துப்பா."

இரண்டாவது அட்டையில் ஐந்தும் உள்ளே. மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். ஒரு நிபந்தனை மட்டும்: கொஞ்ச நாளைக்கு யாராவது பின்னால் உட்கார வேண்டும். சம்பந்தி சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார்.

இப்போது ஞாயிறுதோறும் மூன்று கால் மேசையைக் கழற்றிச் சாக்கில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் உட்காருகிறேன். ஹேண்டில்பாரில் ஊன்றிய கை கொஞ்சமும் நடுங்குவதில்லை, நன்றாகவே ஓட்டுகிறார். மன்னித்துவிட்டதாக இதுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்தால் வேகத்தடையில் பூப்போல ஏற்றி இறக்குகிறார் என்று மகள் சொல்கிறாள். நான் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அவருக்கு வேகத்தடை கண்ணில் படுவதில்லை. தூக்கிப் போடுகிறது. நான் சாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் வருகிறேன்.