எட்டாம் எண் வில்லை

“நீயும் வந்து வெயில்ல காயணுமா? பேசாம மத்த லேடீஸோட போய் அந்த அரண்மனையைப் பார்த்துட்டு வா,” என்றார் என் கணவர், கோல்ஃப் மட்டையைத் துடைத்தபடி.

“நீங்க?”

“பதினெட்டுக் குழி. முடிஞ்சதும் வந்துடறேன்.”

‘என்கூட வாங்களேன்’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக, அவர் ஆடப் போன ஊரிலெல்லாம் அதை விழுங்கியிருக்கிறேன்.

அன்று நடந்ததை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் கைப்பையில் அந்த ஈரக் கறை இன்னும் போகவில்லை.

மதியம் 2.10. வேனில் ஏழு பேர். எல்லோருமே ஆட்டக்காரர்களின் மனைவிகள். வழிகாட்டி ஆளுக்கொரு பித்தளை வில்லை கொடுத்தார். எனக்கு ஏழாம் எண். திரும்பி ஏறும்போது அதைத் தகரப் பெட்டியில் போட வேண்டும். அதன்பிறகு தலைகளையும் எண்ணுவாராம்.

“வில்லைதான் இருக்கே, தலை எதுக்கு?” என்று ஒருத்தி கிண்டலடித்தாள்.

அவர் சிரிக்கவில்லை.

3.40. மற்றவர்கள் படம் எடுக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். படம் எடுக்க எனக்கு யார் இருக்கிறார்கள்? மாடிக்குப் போனேன்.

ஜன்னலோரம் ஒரு பெண். சாம்பல் நிறச் சேலை. வேறு வேனில் வந்தவள் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே, வெகுதூரத்தில், கோல்ஃப் மைதானம். குண்டூசித் தலை அளவில் மனிதர்கள்.

டக்...

பந்து அடிபடும் சத்தம். அவ்வளவு தூரத்திலிருந்தா?

“உங்க வீட்டுக்காரர் எத்தனாவது குழியில இருக்காரு?” திரும்பாமலே கேட்டாள்.

“தெரியலைங்க.”

“எனக்கும்தான். முடிஞ்சதும் வந்துடறேன்னாரு.”

டக்...

“கூட வாங்கன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம்,” என்றாள். பிறகு கையை நீட்டினாள். “இதையும் பெட்டியில போட்டுடறீங்களா? பின்னாடியே வந்துடறேன்.”

வில்லை. சொட்டச் சொட்ட ஈரம். வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று மழையே இல்லை.

படியருகில் திரும்பிப் பார்த்தேன். தரையெல்லாம் தூசி. ஒரே ஒரு ஜோடிக் காலடித் தடம்.

என்னுடையது.

4.25. வழிகாட்டி பெட்டியைக் கவிழ்த்து எண்ணினார். எட்டு வில்லைகள். தலைகள் ஏழு. ஈரமாக இருந்ததை எடுத்துப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“இதை யாரும்மா குடுத்தா?”

சொன்னேன். வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஒன்பது வருஷம் ஆச்சு. இப்படித்தான், பின்னாடியே வரேன்னு ஒருத்தங்க கூட வந்தவங்ககிட்ட வில்லையைக் குடுத்தனுப்பிட்டாங்க. கணக்கு சரியா இருந்துச்சு. நான் தலையை எண்ணலை. வேனை எடுக்கச் சொல்லிட்டேன். அன்னிக்கே மாடியைப் பூட்டிட்டாங்க. பழுது வேலைன்னு பத்து நாள் யாரும் திறக்கலை...”

“வீட்டுக்காரர் தேடலையா?”

“கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டான்னு நினைச்சாராம். மறுநாளும் ஆடப் போனாரு.”

“திறந்தப்போ...?”

“ஜன்னலோரம். உட்கார்ந்த வாக்கில.”

அவர் ஈர வில்லையைத் திருப்பிக் காட்டினார். எட்டு என்றிருந்தது.

“அந்த எட்டாம் நம்பரை,” என்றார், “நானே என் கையால ஏரியில வீசினேம்மா.”

6.05. விடுதி அறை. கணவர் மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எப்படி இருந்துச்சு அரண்மனை? நாளைக்கும் ஒரு ஆட்டம் இருக்கு. நீ வேணா கடைத்தெரு பக்கம்...”

ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மைதானத்தில் யாருமே இல்லை.

டக்...

அவர் கையைப் பிடித்தேன்.

“நாளைக்கு நீங்க என்கூட வாங்க.”