குட்டைத் தோட்டா

"உள்ள போயிட்டா சரியாப் போச்சா?"

சித்தப்பா இதைக் கேட்காத நாள் கிடையாது. மூக்கில் தொடங்கி ஒரு கனைப்பில் முடியும் கேள்வி. யாராவது அடுத்தவர் செருப்பில் கால் நுழைத்தால் கேட்பார். பக்கத்து வீட்டுச் சாவி எங்கள் பூட்டில் நுழைந்து திரும்பாமல் நின்றபோது கேட்டார். கல்யாணத்தில் மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டுப் பொத்தானைப் போட்டபோதுகூட, எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

நகை ஏற்றிப்போகும் வண்டிகளுக்குக் காவலாளிகளை அனுப்பும் நிறுவனம் ஒன்றில், துப்பாக்கி அறை அவர் பொறுப்பு. ஜன்னல் இல்லாத அறை. அந்த எண்ணெய் வாடை அவர் சட்டையில் ஏறி வீட்டுக்கும் வரும். சித்தி அவர் தலையணையைத் தனியாகத்தான் துவைப்பாள்.

புதிதாகச் சேரும் காவலாளிகளுக்கு மேசைமேல் மூன்று தோட்டாக்களை நிறுத்திப் பாடம் நடத்துவார்.

"இவன் குட்டை. முப்பத்தெட்டு. பக்கத்துல நிக்கிறவன் நெட்டை. முந்நூத்தி அம்பத்தேழு. இடுப்பு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். நெட்டையோட ரிவால்வர்ல குட்டையைப் போட்டுச் சுடலாம், தப்பில்ல. ஆனா குட்டையோட ரிவால்வர்ல நெட்டையைத் திணிக்காதே. அவன் கோவக்காரன், அது தாங்காது. இந்த மூணாவது ஆளு இருக்கான் பாரு, இவன் பேரும் முப்பத்தெட்டுதான். ஆனா இன்னும் குட்டை, இடுப்பும் பெருசு. பேரு ஒண்ணா இருந்தா ஒரே வீட்டுப் புள்ளையா?"

பின்வரிசையிலிருந்து சித்தியின் தம்பி குரல் கொடுப்பான். அவனும் அங்கேதான் வண்டிக் காவலாளி. "அத்தான், எங்க அக்காவைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் அளந்தீங்களா?"

"அளந்திருந்தா நீ எனக்கு மச்சானா வாய்ச்சிருப்பியாடா?"

பாடத்தின் கடைசிப் பகுதியை யாரும் கவனிக்க மாட்டார்கள். நெட்டையின் ரிவால்வரில் குட்டையைச் சுட்டுச்சுட்டுப் பழகினால், குட்டையின் வாய் முடியும் இடத்தில், தோட்டா அறையின் சுவரில் கரி வளையமாகப் படியும். அதைத் தேய்த்து எடுக்காவிட்டால் குட்டை வழக்கம்போல் போகும். நெட்டை வளையத்தில் முட்டி நிற்கும்.

பயிற்சிக்கு நிறுவனம் குட்டையைத்தான் தரும். காவலுக்கு அதே ரிவால்வரில் நெட்டை. வண்டி ஓடும்போது ரிவால்வர் காலியாக இருக்க வேண்டும், இறங்கும்போதுதான் போட வேண்டும் என்பது விதி.

ஒரு நாள் காலை, வண்டியின் கதவைத் திறந்ததும் இரண்டு கொள்ளைக்காரர்கள் ஓடி வந்தார்கள். சித்தியின் தம்பி ஆறு நெட்டைத் தோட்டாவையும் போட்டான். ஒவ்வொன்றும் நகக்கனம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. தோட்டா அறைகள் உள்ள உருளை மூடவில்லை. உள்ளங்கையால் அழுத்தினான், தொடையில் வைத்துக் குத்தினான். டிரைவர் அவ்வளவுதான் பார்த்தார், பிறகு இருக்கைக்கு அடியில் படுத்துவிட்டார்.

அவன் சாவு வீட்டிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. ஆள் பயந்துவிட்டான், தோட்டா போடக்கூடக் கை வரவில்லை என்று. சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்ததும் சித்தப்பா முன்னால் வந்து நின்றாள்.

"என் தம்பி பயந்தாங்கொள்ளியா? நீங்க சொல்லுங்க. துப்பாக்கியப் பத்தித் தெரிஞ்சவர் நீங்கதானே?"

அதன் பிறகு வீட்டில் சித்தப்பாவின் 'உள்ள போயிட்டா சரியாப் போச்சா'வும் இல்லை, கனைப்பும் இல்லை. அவர் குரலில் பேசி எல்லாரையும் சிரிக்கவைப்பதை நானும் விட்டுவிட்டேன்.

நிறுவனத்தின் விசாரணைக்குச் சித்தியும் வந்தாள். மேசைமேல் அந்த ரிவால்வர், பக்கத்தில் எழுதி முடித்த அறிக்கை. மேலாளர் கனிவாகத்தான் பேசினார்.

"உங்களுக்குக் கஷ்டம்தான், புரியுது. துப்பாக்கி நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. பையன் பதறிட்டான். யாரா இருந்தாலும் பதறத்தான் செய்வாங்க."

சித்தப்பா ஒரு குட்டைத் தோட்டாவை எடுத்துப் போட்டார். வழுக்கிக்கொண்டு போனது.

"பாத்தீங்களா, போகுதே" என்றார் மேலாளர்.

அதை எடுத்துவிட்டு அதே தோட்டா அறையில் நெட்டையைப் போட்டார். நகக்கனம் வெளியே நின்றது. கட்டைவிரலால் அழுத்தினார். விரல்தான் வெளுத்தது. உருளையை மூடப் பார்த்தார். மூடவில்லை. ரிவால்வரை அப்படியே மேலாளர் பக்கம் தள்ளினார்.

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "யோவ், துடைச்சு வெக்கறது உன் வேலை. உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கறியா? குட்டைதான் உள்ள போகுதுல்ல, அதோட விடுய்யா. வேலை போயிடும்."

சித்தப்பா திரும்பிக் கடைசி நாற்காலியில் இருந்த சித்தியைப் பார்த்தார். பிறகு, அந்தக் கட்டடத்துக்குள் அவர் கடைசியாகப் பேசியது இது:

"உள்ள போயிட்டா சரியாப் போச்சான்னு ஊரையே கேட்டவன் சார் நான், என்னை மட்டும் கேட்டுக்கல. பயிற்சி முடிஞ்ச அன்னைக்கு, மேசையில கெடந்த குட்டையைத்தான் இதே மாதிரி போட்டுப் பாத்தேன். போச்சு. தேய்க்காம எடுத்து வெச்சுட்டேன். என் மச்சானுக்குக் கை நடுங்கல, கடைசி மூச்சு வரைக்கும் அழுத்திட்டே இருந்திருக்கான். வேலையை எடுத்துக்குங்க, ஆனா பயந்தான்னு எழுதினதை அடிச்சுட்டு, நான் தேய்க்கலன்னு எழுதுங்க."