நிலைப்படி இல்லாத வீடு

தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தவரை எனக்குப் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றையறைக் காம்பராக்களுக்கு முன்னால் ஒரே நீளமாகச் சிமெந்து வாசல். சக்கர நாற்காலியை உருட்டினால் கடைசிக் காம்பரா வரை போகலாம். கூரை ஒழுகும், புகை கண்ணைக் கரிக்கும். ஆனால் எந்த வீட்டில் என்ன கறி என்று எனக்குத் தெரியும். கொழுந்து மலையில் விழுந்து கால்கள் போன பிறகும் நான் தனியாக இருந்ததில்லை.

பன்வில பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் தனித்தனி வீடுகள் கட்டப்போகிறார்கள் என்றதும் நானும்தான் கைதட்டினேன். வரைபடத்தைப் பிறகுதான் பார்த்தேன். எல்லாம் மேட்டில், வீட்டுக்கு மூன்று படிகள்.

கடிதம் எழுத ஆரம்பித்தேன். பதில் வராததால் கண்டிக்கே போனேன். அலுவலகம் மேல்மாடியில் இருந்தது, வேறெங்கே இருக்கும்? அதிகாரி இறங்கி வந்து, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் நின்று பேசினார்.

"உங்க வீட்டுக்குச் சரிவுப் பாதை போடச் சொல்றேன்."

"எல்லா வீட்டுக்கும் போடுங்க, சேர்."

"மத்த வீடுகள்ல யாருக்கும் நடக்க ஏலாம இல்லையே?"

"இல்ல. ஆனா நான் அங்க போகணுமே."

அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான். அந்தச் சிரிப்பை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் வீட்டுக்குச் சரிவு வந்தது. வாசலில் நிலைப்படியும் வேண்டாம், நாற்காலி தட்டும் என்று வீடு கட்டிய மேசன் பாஸிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். பக்கத்தில் நின்றவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு லேசாக வேலை முடிந்ததே என்று அன்று எனக்குப் பெருமை.

மற்ற வீடுகளுக்காக மேலும் எழுதினேன், கூட்டங்களில் கத்தினேன். கடைசியில் ஒரே ஒருத்திதான் என் பேச்சைக் கேட்டாள். என்னோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவள். தன் வீட்டுப் படிகளை இடித்துச் சரிவு போட வைத்தாள். அவள் பால் காய்ச்சும் நாளுக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். பல மாதங்களுக்குப் பிறகு இன்னொருவர் வீட்டுக்குள் போகப்போகிறேன்.

சரிவில் ஏறி வாசலுக்கு வந்தேன். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டிய வாசல். கீழே ஒரு சாண் உயரத்துக்கு நிலைப்படி.

அவள் அப்போதுதான் அதைப் பார்த்தவள் போல வாயில் கை வைத்தாள். "ஐயோ அக்கா, ஒங்க நாற்காலி ரோதைய மறந்துட்டனே! நிலைப்படி இல்லாம எப்பிடி வீடு? நாளைக்கு மருமக வலது கால் வச்சு வரணுமே!"

தூக்கிவிட நான்கு பேர் ஓடி வந்தார்கள். மூட்டை போல உள்ளே போக மனமில்லை, வேண்டாம் என்றேன். வெளியிலேயே பால் குடித்தேன். சூடாகத்தான் இருந்தது.

வீடு திரும்பி என் வாசலைப் பார்த்தேன். வழவழவென்று, எந்தத் தடையும் இல்லாமல் இருந்தது. அந்த வாசலில் நிலைப்படி வேண்டாம் என்று நான் சொன்னபோது, வேண்டும் என்று ஒருவர்கூட என்னோடு சண்டை போடவில்லை.