கரி வீட்டுக்காரர்கள்

நிலக்கரி லாரி வரும் நாட்களில் நான் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவேன். லாரி பின்பக்கமாக எங்கள் டிரைவ்வேயில் ஏறும். பேஸ்மென்ட் ஜன்னலுக்குள் தகரச் சரிவு ஒன்றை நீட்டிக் கரியைக் கொட்டும். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். நடைப்பயிற்சி போகிறவர்கள் நாயைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார்கள். என் கணவர் அவர்களுக்குக் கை காட்டுவார். அவருக்கு அதில் வெட்கமே இருந்ததில்லை. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நானே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு நியூ ஜெர்சியின் வடமேற்கு மூலையில், பென்சில்வேனியா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தமிழர்கள் கூட்டமாக வசிக்கும் ஊர்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனபோது, எங்கள் பட்ஜெட்டில் கிடைத்த ஒரே பெரிய வீடு இது என்று வாங்கினோம். பழைய வீடு. இந்தப் பக்கம் கேஸ் லைன் கிடையாது. பேஸ்மென்டில் எண்ணெயில் எரியும் பாய்லர் ஒன்று தண்ணீரைச் சுடவைத்து அறைகளுக்கெல்லாம் அனுப்பும். இரண்டாவது குளிர்காலத்தில் அது ஒழுக ஆரம்பித்தது. அந்த வருடம் எண்ணெய் விலையும் ஏறிக்கிடந்தது. ஒருமுறை டேங்க் நிரப்பிய பில்லைப் பார்த்துவிட்டு, ஹாலில்கூட ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கரண்டில் ஓடி வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் போடலாம் என்று ஒரு கம்பெனியைக் கூப்பிட்டோம். வீட்டின் வயரிங்கையே மாற்ற வேண்டும், சுவரை உடைத்துக் குழாய் விட வேண்டும் என்று சொல்லி அவர்கள் கொடுத்த விலை, நாங்கள் வீட்டுக்குக் கொடுத்த முன்பணத்தில் பாதி இருந்தது. அதற்கப்புறம்தான் என் கணவர் கரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"எண்ணெய்க்குக் குடுக்கறதுல பாதிகூட ஆகாது. மூணு விண்டர்ல போட்ட காசு திரும்பிடும்."

"இந்தக் காலத்துல யாருங்க கரி போட்டு வீட்டைச் சூடு பண்றாங்க?"

"எதிர்வீட்டுப் பெரியவர் பண்றாரே. பார்டரைத் தாண்டுனா சுரங்கம். டன் கணக்குல சீப்பா கிடைக்குது."

எதிர்வீட்டில் வயதான அமெரிக்கத் தம்பதி இருந்தார்கள். அவர்கள் கரியில் குளிர் காய்வது அவர்களுடைய வழக்கம், நாம் செய்தால் அது வேறு மாதிரி இருக்கும் என்று எனக்குப் பட்டது. அதை அவருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொல்லாமலே விட்டுவிட்டேன்.

பாய்லருக்கு மட்டும் எட்டாயிரம் டாலர் என்றுதான் ஆரம்பித்தது. வந்து பார்த்த ஆள், புகைபோக்கியின் உள்பக்கம் விரிசல் விட்டிருக்கிறது, முழுநீளத்துக்கும் ஸ்டீல் குழாய் இறக்கினால்தான் கரி எரிக்க முடியும் என்றார். அதற்குத் தனியாக நாலாயிரம். கரி கொட்டிவைக்க மரத்தில் தொட்டி, பழைய எண்ணெய் டேங்கை எடுத்துப் போடும் கூலி, டவுன்ஷிப் பெர்மிட், பழைய பைப்புகளைப் புதியதோடு இணைக்கும் பிளம்பர் என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று கூடியது. முடியும்போது இருபதாயிரத்தை நெருங்கிவிட்டது. மூன்று குளிர்காலம் என்ற கணக்கு ஏழு குளிர்காலம் ஆனது. அந்த வருடம் ஊருக்குப் போகும் டிக்கெட்டை ரத்து செய்தோம். அம்மாவிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

பாய்லர் நன்றாகத்தான் வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. அரிசி அளவுக்குப் பொடித்த கரி, தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து எரியும். அந்த அளவுக்கு இங்கே பெயரே ரைஸ்தான். புகை தெரியாது. வீடு அப்படிக் கதகதப்பாக இருந்தது. ஆனாலும் தினமும் சாம்பல் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிற மனிதரைப் பார்க்கும்போது, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இருக்கும்.

மகளுக்குப் பத்து வயது. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றாள். வகுப்பில் யார் வீட்டில் என்ன எரிகிறது என்று டீச்சர் கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?"

"ஐ செட் கேஸ்."

நான் அவளைத் திருத்தவில்லை. தமிழர்கள் நிறைய இருக்கும் எடிசன் ஊரில் ஒரு தோழி கேட்டபோது நானும் கேஸ் என்றுதான் சொல்லியிருந்தேன்.

அந்த ஜனவரியில்தான் பொங்கலுக்கு எல்லாரையும் கூப்பிடலாம் என்று அவர் சொன்னார். வழக்கமாக நாங்கள்தான் அவ்வளவு தூரம் போவோம், அவர்கள் ஒருமுறை வரட்டுமே என்றார். பாய்லரைக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை என்று எனக்குத் தெரியும். சமையல் வாடை ஹாலுக்கு வராமல் இருக்க, பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை அதற்கு முந்தின மாதம்தான் அடுப்புக்கு மேலே மாட்டியிருந்தோம். அது ஓடினால் பின்கதவை இழுத்துத்தான் திறக்க வேண்டும், அவ்வளவு வேகம். எனக்கு அதில் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். பனி உருகி வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது, ஜனவரிக்குச் சம்பந்தமே இல்லாத வெதுவெதுப்பு. என் கணவரின் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன், ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவியையும், பிரசவத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அந்தப் பெண்ணை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். பச்சைப் பட்டுப்புடவையில் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

என் கணவர் ஆண்களைக் கூட்டம் கூட்டமாக பேஸ்மென்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். மேலே வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். "ரயில் இன்ஜினே வச்சிருக்காருங்க உங்க வீட்டுக்காரர்," என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய், ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு வடை தட்ட ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குழந்தை தலை வலிக்கிறது என்று அழுதது. கார் பயணத்தால் இருக்கும் என்றார்கள். எனக்கும் நெற்றிப் பொட்டில் வலித்தது, காலையிலிருந்து நின்றதால் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது மாடிப்படிப் பக்கம் இருந்த அலாரம் கத்தியது.

"அக்கா, உங்க வடையப் பாத்துத்தான் கத்துது," என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் நாற்காலி போட்டு அதை நிறுத்தப் போனார். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. அது புகைக்கான அலாரம் இல்லை என்று அவருக்குத்தான் தெரியும். கீழே இறங்கிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"எல்லாரும் வெளிய போங்க. சாப்பாட்டை விடுங்க. குழந்தைங்களைத் தூக்கிக்குங்க."

"என்னாச்சுங்க?"

"போன்னு சொல்றேன்ல. ஷூ எல்லாம் போட வேண்டாம், போ."

வாசலில் எழுபது எண்பது செருப்பும் ஷூவும் குவிந்துகிடந்தன. அவற்றின் மேல் மிதித்துக்கொண்டு எல்லாரும் வெறுங்காலோடு வெளியே ஓடினார்கள். மழையில் பாதி உருகிய பனிச் சேற்றில், பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேட்டியோடு, ஜாக்கெட் இல்லாமல் நின்றார்கள். அந்தப் பச்சைப் புடவைப் பெண் டிரைவ்வே ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். அவள் அம்மா அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே எங்கள் வீட்டைப் பார்த்தார்.

எதிர்வீட்டுப் பெரியவர் போன் செய்ய, தீயணைப்பு வண்டி இரண்டு வந்தன, ஆம்புலன்ஸ் ஒன்று வந்தது. முகமூடி மாட்டிய ஆட்கள் கையில் மீட்டரோடு உள்ளே போனார்கள். கார் சாவி, போன் எல்லாம் உள்ளே இருந்ததால் யாராலும் எங்கும் போக முடியவில்லை. எதிர்வீட்டு அம்மாள் கராஜைத் திறந்துவிட்டு, போர்வைகளையும் பழைய கோட்டுகளையும் அள்ளிக்கொண்டு வந்து போட்டார். எங்களோடு ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டுப் பழகிய நண்பர்கள், அந்தக் கராஜில் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், கால்களைப் பழைய துண்டுகளில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை. என்னோடு பேசவும் இல்லை. தங்கள் குழந்தைகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு தீயணைப்பு வீரர் எங்கள் துணிக்கூடையைச் சுமந்துகொண்டு வந்தார். அதில் ஷூக்களையும் செருப்புகளையும் ஒன்றாகத் திணித்திருந்தார்கள். கராஜ் நடுவில் கவிழ்த்துவிட்டு அடுத்த நடைக்குப் போனார். எல்லாரும் குனிந்து ஜோடி தேடினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, என்னால் ஒருவருடைய கண்ணையும் நேராகப் பார்க்க முடியவில்லை.

தீயணைப்பு அதிகாரி என் கணவரிடம் விளக்கினார். பாய்லரில் கோளாறு இல்லை. வெளியே வெதுவெதுப்பாக இருந்ததால் புகைபோக்கி சரியாக இழுக்கவில்லை. அதே நேரம் என்னுடைய ஃபேன் வீட்டுக் காற்றையெல்லாம் வெளியே தள்ளியதால், அந்த இடத்தை நிரப்ப, மேலே போக வேண்டிய வாயு கீழே இறங்கி வீட்டுக்குள் பரவியிருக்கிறது. கார்பன் மோனாக்ஸைடு. நிறம் கிடையாது, வாடை கிடையாது. வெளிக்காற்றை நேராக பேஸ்மென்டுக்குக் கொண்டுவரும் குழாய் ஒன்று போட்டிருந்தால் இது நடந்திருக்காது என்றார். பாய்லர் வைத்தவரும் அதைச் சொல்லவில்லை, சோதிக்க வந்தவரும் சொல்லவில்லை. அப்போது அந்த ஃபேனும் இல்லை. அதிகாரி பாய்லரை அணைத்து, அதில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார்.

மறுநாள் காலை நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு இரவு முழுக்க ஆக்ஸிஜன் கொடுத்திருந்தார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனாலும் பிரசவம் வரை அடிக்கடி வந்து ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் ஃபிளாஸ்கில் காபி கொண்டுபோயிருந்தேன். அவள் அம்மாவுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.

"வச்சிருங்கம்மா. பொறவு குடிக்கேன்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "வாயும் வயிறுமா இருக்கிற பிள்ளைய விருந்துக்குக் கூப்பிடும்போது, வீட்டுக்கடியில கரி எரியுதுன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? தெரிஞ்சா நான் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனே."

"அம்மா, விடு," என்றாள் மகள். பிறகு என்னிடம், "அக்கா, அவங்களுக்குத் தெரியாது. நீங்க உக்காருங்க," என்றாள்.

நான் உட்கார்ந்தேன். காபி அப்படியே ஆறியது. கிளம்பும்போது அந்த அம்மா ஃபிளாஸ்கைக் கழுவி, துடைத்து, மூடி போட்டு என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து, அந்தப் பாய்லரை எடுத்துப் போட்டுவிடுங்கள் என்று என் கணவரிடம் சொன்னேன். பாய்லர் நின்றுபோன வீட்டில் அவர் இரண்டு எலக்ட்ரிக் ஹீட்டருக்கு நடுவில், கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார்.

"எடுத்துட்டு?"

"எதையாவது போடலாம். கடன் வாங்கியாவது."

"ஏற்கெனவே வாங்கித்தானே இதைப் போட்டோம்," என்றார். எனக்கு அதுவரை அது தெரியாது. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தெருவில் நின்று பார்ப்பவர்களுக்கெல்லாம் கை காட்டுகிற மனிதர் அன்று என்னைப் பார்க்கக் கூசினார்.

வெளிக்காற்றுக் குழாய் போட இன்னும் ஒரு செலவு. ஒவ்வொரு அறையிலும் என் கணவர் அலாரம் மாட்டினார். டவுன்ஷிப்பிலிருந்து வந்து பார்த்து, சிவப்பு அட்டையை எடுத்தார்கள். பாய்லர் மறுபடி எரிந்தது. நான் ஃபேனைப் போடுவதை விட்டுவிட்டேன்.

வாட்ஸ்அப் குழுவில் முதல் இரண்டு நாள் எல்லாரும் விசாரித்தார்கள். அப்புறம் பேச்சு வேறு எங்கோ போனது. ஏப்ரலில் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "யாரு, அந்தக் கரி வீட்டுக்காரங்களா?" என்று கேட்பது காதில் விழுந்தது. என் மகளும் கேட்டாள். அவளுக்குத் தமிழ் பேச வராதே தவிர, புரியும். தட்டை வைத்துவிட்டு, "கேன் வி ஜஸ்ட் கோ?" என்றாள். போய்விட்டோம்.

அதற்கு முன்பே, மார்ச் மாதம், அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்க்கப் போனபோது அவள் அம்மாவே குழந்தையை எடுத்து என் மடியில் வைத்தார். நான் விரல்களை விரித்துப் பார்த்தேன், கண் சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா என்று பார்த்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

"நல்லாத்தான் இருக்கான். பயப்படாதிய," என்றார் அவர் மெதுவாக.

அந்த அம்மா ஊருக்குத் திரும்பும் முன் ஜூலையில் ஒருநாள் அவர்கள் மூவரும் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நாங்கள் கூப்பிடவில்லை. அந்தப் பெண்தான் போன் செய்து, "அக்கா, ஒரு நாள் வரலாமா?" என்று கேட்டாள். பின்பக்கப் புல்வெளியில் நாற்காலி போட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போது குழந்தை தூங்கிப்போனது, வெயிலாக இருக்கிறதே, உள்ளே படுக்கவைக்கட்டுமா என்று அவள் கேட்டாள். சரி என்றேன். ஹால் சோபாவில் படுக்கவைத்து, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான் தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு பேஸ்மென்டுக்கு இறங்கினேன். மே மாதமே பாய்லரை அணைத்துவிட்டோம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். மேலே அந்த அம்மா என் மகளிடம் ஏதோ கேட்க, அவள் தட்டுத்தடுமாறித் தமிழில் பதில் சொல்வது கேட்டது. கையில் ஒட்டிய கரியைக் கழுவிவிட்டு, தண்ணீரோடு மேலே ஏறினேன்.