அந்தமான் கிளியும் இரண்டு சீட்டுகளும்

ஐம்பதுகளின் நடுவில், அந்தமான் காட்டில் மரம் வெட்டும் மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு பெங்களூரில் எங்கள் அடுகோடிக்குத் திரும்பியபோது, என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு கிளியும் ஒரு சாவுச் செய்தியும் இருந்தன. பெட்டியையும் கிளியையும் அன்றைக்கே இறக்கி வைத்துவிட்டேன்.

செய்தி பக்கத்து வீட்டுக்கு உரியது. அந்த வீட்டுக்காரன் என்னோடு வந்து மரம் வெட்டியவன். கடலோரம் அடுக்கியிருந்த கட்டைகள் உருண்டதில் சிக்கிச் செத்தான். கிளியைப் பிடித்தவனும் அவன்தான். "அண்ணே, இத எம்பொண்ணுக்கு எடுத்துக்குனு போவணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். கிளியைக் கொடுத்தால் செய்தியையும் சொல்லியாக வேண்டும். நான் வண்டியை விட்டு இறங்கும்போதே அவன் மனைவி ஓடி வந்து, "அவரு எப்ப வர்றாரு?" என்றாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அதைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த கப்பல்ல" என்றேன். கோழைக்கு வாய் மட்டும் நன்றாக ஓடும்.

மறுநாள் தெருப் பிள்ளைகள் எல்லாம் என் வாசலில். நம் ஊர்க் கிளி போலில்லை அது. கன்னம் இரண்டும் செங்கல் நிறம், தாடையில் கறுப்புப் பட்டை, உடம்பைவிட நீண்ட வால். "இது வளர்ப்புக் கிளி இல்ல, காட்டுக் கிளி. சுத்தி கடல், நடுவுல காடு, அங்க பொறந்தது. கிட்டப் போனா கடிக்கும்" என்றேன். யார் கேட்டார்கள்? அவர்களுக்குத் தெரிந்த கிளியெல்லாம் சிவாஜிநகர் மார்க்கெட்டில் சீட்டு எடுக்கும் ஜோசியக் கிளிதான். "சீட்டு எடுக்குமா மாமா?" என்று குதித்தார்கள்.

அவன் மகள், ஒன்பது வயதுக்காரி, குதிக்கவில்லை. கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். "எங்கப்பாவும் எனக்குக் கிளி கொண்டாறேன்னாரு" என்றாள். பிறகு, "இது அங்கேர்ந்துதானே வந்துச்சு? எங்கப்பா எப்படிக் கீறாருன்னு அதுக்குத் தெரியும். கேட்டுப் பாக்கலாம் மாமா."

கேள்வி கேட்பவர் சீட்டு எழுதக் கூடாதாம், பலிக்காதாம். பிள்ளைகள் சட்டம் பேசினார்கள். ஒன்றில் 'வருவார்', இன்னொன்றில் 'வரமாட்டார்' என்று நான்தான் எழுத வேண்டும். நோட்டுத் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தார்கள். எழுதி மடித்துக் கூண்டுக்குள் போட்டேன்.

கிளி கத்தியது. அந்தக் கத்தலை நான் கடைசியாகக் கேட்டது கட்டைகளுக்கு அடியிலிருந்து அவனை இழுத்துப் போட்ட அன்று, தலைக்கு மேல் பறந்த காட்டுக் கிளிக் கூட்டத்திடம். கிளி இறங்கி வந்து ஒரு சீட்டைக் கவ்விக் கம்பி வழியே வீசியது. அவள் பிரித்தாள். 'வருவார்.' பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் தன் வீட்டுக்கு ஓடினாள்.

இரண்டிலும் 'வருவார்' என்றுதான் எழுதியிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. சாயங்காலம் கூண்டைக் கூட்டும்போது மற்றச் சீட்டைக் காணவில்லை. கிளி கிழித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளி அந்த மார்கழிக் குளிரைத் தாங்கவில்லை. ஆனால் அதன் கத்தல் என் காதை விட்டுப் போகவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது. அவன் மனைவியின் பொட்டு வருஷா வருஷம் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தால் சிரிப்பாள். கேட்பதை மட்டும் எப்போதோ நிறுத்திவிட்டாள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். சுமங்கலியாகவே எடுத்துப் போனார்கள். காரியம் முடிந்த மறுநாள் மகள் வந்தாள். வளர்ந்து, மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். 'வருவார்.' என் கையெழுத்து.

"நீங்க தண்ணி குடிக்க உள்ள போனப்ப திரும்பி வந்து எடுத்துட்டேன் மாமா. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. அம்மாகிட்ட சொல்லல."

ஒன்பது வயதில், என் பொய்யையும் சேர்த்து அவளே சுமந்திருக்கிறாள்.

"ஒண்ணுதான் கேக்கணும். அந்தக் கிளி யாரோடது?"

"உன்னுதுதாம்மா" என்றேன்.

பரண்மேல் கிடந்த கூண்டை இறக்கிக் கொடுத்தேன். முந்தானையால் தூசியைத் துடைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.