தப்பே இல்லாமல் ஓடிய படம்

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நான் நம்பினவன் இல்லை, இன்றைக்கும் நம்பவில்லை. நான் கண்ணால் பிழைத்தவன். ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் செலக்‌ஷன் மேஜையில் வேலை. ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து, கத்திக் கீறல், உண்ணி கடித்த தடம் எல்லாம் பார்த்து நல்லது கெட்டது பிரிக்க வேண்டும். எண்பதாம் வருஷத்தை ஒட்டி நடந்தது இது. சிரிப்பீர்கள், தெரியும். சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

கப்பலில் போன சரக்கு, குறைத்தோல் கலந்திருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. பழி என் மேல். மேஸ்திரி கரீம் பாய் எல்லார் எதிரிலும் சொன்னார்.

"ஏழுமலை, உன் பார்வை கம்மியாய்ட்ச்சிப்பா. திங்கக்கிழமைலேர்ந்து சுண்ணாம்புக் குழிக்குப் போய்டு."

தோலில் மயிர் கழிய ஊறப்போடுகிற குழி அது, இறங்கினால் கைகால் வெந்துபோகும். அதைவிட, மானம் போகும். எனக்கு வந்ததே கோபம்! அப்போது ஊர்த் தியேட்டரில் ஓர் இங்கிலீஷ் படம். தோளில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு ஒருத்தன் ஆகாயத்தில் பறந்து ஊரைக் காப்பாற்றுவான். ரெண்டு தடவை பார்த்து, அதில் உள்ள தப்பையெல்லாம் சொல்லி மேஜையையே சிரிக்க வைத்திருந்தேன்.

"இன்னா பாய், என் பார்வையா கம்மி? அந்தப் படத்துல மூணு தப்பு இருக்குது. பறக்கறப்ப முதுகுல கம்பி தெரியும். துணியில குத்தின பட்டன் இடது தோள்ல இருக்கும், திரும்பினா வலது தோளுக்குப் போய்டும். அவன் ஒடைச்ச ஜன்னல் கண்ணாடி அடுத்த நிமிஷம் முழுசா நிக்கும். ஞாயித்துக்கிழமை மேட்னிக்கு வாங்க, காட்டறேன். காட்டலன்னா நானே குழியில எறங்கறேன்."

"காட்டிட்டா மேஜை உன்னுது. ஆனா அப்பறம் பேஜார் பண்ணக் கூடாது."

போனோம். "தோ பாருங்க, கம்பி!" என்றேன். கம்பி இல்லை. பட்டன் இடது தோளைவிட்டு நகரவே இல்லை. இடைவேளையில் ஆபரேட்டரிடம் ஓடினேன்.

"அண்ணே, படப் பொட்டிய மாத்திட்டீங்களா?"

"ரெண்டு வாரமா இதே பொட்டிதாம்பா."

அதற்குப் பிறகு கண்ணாடி உடைந்தது, உடைந்தே கிடந்தது. நம்பினால் நம்புங்கள், யாரோ உட்கார்ந்து அத்தனையையும் திருத்தி வைத்த மாதிரி படம் சுத்தமாக ஓடி முடிந்தது.

வெளியே நல்ல வெயில். பாய் என் முதுகில் தட்டி, "நாளைக்குக் குழி" என்று சிரித்து, மணி பார்க்கக் கையைத் தூக்கினார். வலது கை. நான் நின்றுவிட்டேன். டிக்கெட் வரிசையில் அவர் இடது கை வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது நான் ஒட்டி நின்றிருந்தேன்.

"பாய், வாட்ச்ச மாத்திக் கட்டினீங்களா?"

"எனக்கு எப்பவும் வலது கைதாம்பா. இப்பவாவது தெரியுதா, உன் பார்வை லட்சணம்?"

விடுவேனா? அவர் ரெண்டு கையையும் பிடித்து, தோலைப் புரட்டுகிற மாதிரி வெயிலில் புரட்டினேன். இடது மணிக்கட்டில் வார் அகலத்துக்கு வெளுத்த பட்டை, வருஷக்கணக்காக வெயில் படாதது, கொக்கி அழுத்தின தடம் வேறு. வலது கை வாட்ச்சை நகர்த்தினேன். அடியில் ஒரே கறுப்பு.

"சொல்லுங்க பாய், யார் பார்வை கம்மி?"

அவர் ரெண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ ஓதினார். வாட்ச்சைக் கழற்றி ஜேபியில் போட்டுக்கொண்டு, சலாம்கூடச் சொல்லாமல் போய்விட்டார். திங்கட்கிழமை நான் என் மேஜையில்தான் உட்கார்ந்தேன். குழிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. யார் பொய் என்றாலும் சரி, அந்த வெளுப்பை நான் கண்டேன், கண்டது கண்டதுதான்.

ஆனால் ஒன்று. அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் சம்சாரம் கஸ்தூரி வாசலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். இடது காதுக்குக் கீழே மச்சம்.

"ஏ, இந்த மச்சம் எப்பவும் இந்தப் பக்கம்தானா?"

சீப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னா கேள்வி இது? உங்களுக்குத் தெரியாதா?"

பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணியிருந்தேன். சத்தியமாக, தெரியவில்லை.