குழாயடியில் ஓடிய நிரல்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது நான் எழுதிய முதல் நிரல், கணினியில் சரியாக ஓடுவதற்கு முன்னால் எங்கள் தெருக்குழாயடியில் ஓடியது. ஓடியதோடு நிற்காமல் தெருவையே ரகளையாக்கியது.

பள்ளிக்கூட லேபில் ஆசிரியை ஒரு வேலை கொடுத்திருந்தார். கலைந்து கிடக்கும் எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்க வேண்டும். அதற்கென்று தயாராக இருக்கும் கட்டளையைத் தொடக்கூடாது. பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டைப் பார், பெரியது முன்னால் இருந்தால் இடம் மாற்று என்று எழுதினேன். ஓடவிட்டால் கடைசி எண் மட்டும் சரியாக வந்தது, மற்றதெல்லாம் தாறுமாறு. அதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த லேப் திங்கட்கிழமைதான். மற்ற பிள்ளைகள் அதை அங்கேயே மறந்துவிட்டார்கள், எனக்குத்தான் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

வீட்டில் சொல்லிப் புலம்பவும் ஆள் இல்லை. நைனா லாரி ஓட்டிக்கொண்டு எங்கோ இருப்பார். அம்மா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு விடியும்போது பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவாள். சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனால், காலையில் நான் அவிழ்த்துப் போட்ட பாவாடை போட்ட இடத்திலேயே கிடக்கும். அதைப் பார்த்தாலே அழுகை வரும்.

எங்கள் தெருவில் விடியற்காலையில்தான் தண்ணீர் விடுவார்கள். முந்தின சாயங்காலமே குடங்களைக் குழாயடியில் வரிசையாக வைத்துவிடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஒரே நடையில் முடிய வேண்டும் என்று அம்மா வாங்கிய தவலை எல்லாவற்றையும்விடப் பெரியது. நான் அதைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாலும் எதிர்வீட்டுப் பெரியம்மா எடுத்து முதலில் வைத்துவிடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழாயடியில் ஈ காக்கை இல்லை. பெரிதும் சிறிதுமாக நின்ற குடங்கள் எனக்கு எண்களாகவே தெரிந்தன. முதலிலிருந்து இரண்டிரண்டாகப் பார்த்து மாற்றிக்கொண்டே போனேன். எங்கள் தவலை ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தது, மற்றவை கலைந்தே இருந்தன. அட, ஒரு தடவை போனால் பெரியது மட்டும்தான் அடங்கும்! திரும்ப முதலிலிருந்து வர வேண்டும், மாற்ற ஒன்றுமில்லை என்கிற வரைக்கும் வர வேண்டும்! கத்த வேண்டும்போல இருந்தது. திரும்பத் திரும்பப் போய் எல்லாவற்றையும் அடுக்கி முடித்துச் சுற்றிப் பார்த்தேன். ஒரு நாய் படுத்திருந்தது. அதனிடம் என்னத்தைச் சொல்ல? அம்மா பார்க்கட்டும் என்று அப்படியே விட்டுவைத்தேன்.

அம்மா வந்ததும், "கொழாயாண்ட வாம்மா, ஒண்ணு காட்றேன்" என்றேன்.

"காலெல்லாம் இத்துப்போயி கீது கண்ணு, காத்தால பாக்கறேன்" என்று சாப்பிட்ட கையோடு படுத்துவிட்டாள்.

காலையில் அவளும் பார்த்தாள், தெருவும் பார்த்தது. "எங்கொடத்த எவடி நவுத்துனது?" என்று ஆளாளுக்குக் குடத்தைப் பிடித்து இழுத்தார்கள். நான்தான் என்றேன். நிரல், எண் என்று ஏதோ உளறினேன். "வெளையாட வேற எடமா இல்ல?" என்று ஒரு அத்தை கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அம்மா குறுக்கே புகுந்து என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். பிறகு ஒவ்வொருவரிடமும், "உனுக்கு முன்னால யாரு?" என்று கேட்டுக் கேட்டுக் குடங்களைப் பழையபடி மாற்றி வைக்க ஆரம்பித்தாள். மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"நீ ஓடுடி! இன்னொரு தபா லீவு போட்டா வேலைக்கே வராதன்னு கம்பெனில சொல்லிக்கிறான் இல்ல?" என்று எதிர்வீட்டுப் பெரியம்மா கத்தினார். என் பக்கம் திரும்பி, "பஸ்ஸுக்குப் போறவளாச்சேன்னுதான உங்கம்மா தவலைய மொதல்ல வைக்கிறோம்?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். இன்னும் கோபம் தணியாத அத்தையைப் பார்த்தாள். போகவில்லை. ஹாரன் சத்தம் தூரமாகப் போய்விட்டது.

அன்று சனிக்கிழமை, எனக்குப் பள்ளி இல்லை. அம்மா பகலெல்லாம் வீட்டிலேயே இருந்தாள்! நாஷ்டாவுக்குத் தோசை சுட்டாள், தலை பின்னிவிட்டாள். உருளைக்கிழங்குகளைப் பரப்பி அவளுக்கு என் நிரலை நடத்திக் காட்டினேன். நடுவில் போன் வந்தது. வெளியே போய்த் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, "சொல்லு, அப்பால இன்னா?" என்றாள்.

திங்கட்கிழமை லேபில் நிரல் சரியாக ஓடியது. ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். கதவில் பூட்டு இல்லை. உள்ளே அம்மா என் பாவாடையை மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் இருந்தாள். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்காமலே எங்கள் ஊரைத் தாண்டிப் போனது. அந்த வாரம் தெருவிலேயே சந்தோஷமான ஆள் நான்தான். இப்படியே தினமும் பஸ் தவறிப்போகட்டும் என்று பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டு வேண்டிக்கொண்டேன்.